கிளிக் அக்கா உட்கார்ந்த இடம்

சாலைப் பிரிவு அலுவலகத்துக்குள் வருகிற யாரும் அவளைச் சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "கிளிக் அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்கும் பழகிவிட்டது. போனை எடுத்தால் "கிளிக் அக்கா பேசறேன்" என்று அவளே சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

அவள் வேலை எண்ணுவது. ஒரு தெருவை அகலப்படுத்தலாமா, ஓரத்தில் பாதை போடலாமா என்று யாராவது முடிவெடுப்பதற்கு முன்னால், அந்தத் தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் எப்படிப் போகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு ஒருவர் அங்கே போய் உட்கார்ந்து எண்ண வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒருவர் இவள்தான். ஒரு மடக்கு நாற்காலி, மடியில் ஒரு பலகை, பலகையில் வரிசையாகப் பதித்த நான்கு கிளிக்கர்கள். நடப்பவருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று, மற்ற வண்டிகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்று. ஒருமுறை அமுக்கினால் ஓர் எண் கூடும். அவ்வளவுதான் கருவி.

இதென்ன பெரிய வித்தை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், காலை எட்டு மணிக்கு ஒரு தெருமுனையில் உட்கார்ந்து கால் மணி நேரம் எண்ணிப் பார்க்கட்டும். கண் ஒரு பக்கம் போகும், கட்டைவிரல் ஒரு பக்கம் போகும், மூக்கு அரிக்கும். அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஜனம் சரியாக அந்த நேரம் பார்த்துக் கும்பலாக வரும். ஒரு தடவை அக்காவுக்குப் பதிலாகக் கேமராவை மாட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கேமராவைக் காணோம். அக்காவை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்று அலுவலகம் மறுபடி அவளிடமே வந்தது.

எண்ணுவதற்கு ஆறு பக்க விதிப்புத்தகம் ஒன்று உண்டு. அக்காவுக்கு அது தலைகீழ்ப் பாடம். எண்ணும்போது யாரோடும் பேசக் கூடாது, தெரிந்தவர் வந்தாலும் சிரிக்கக் கூடாது. எண்ணப்படுகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் கோணலாக நடப்பார்கள் என்பது அக்காவின் அனுபவம். கைக்குழந்தை ஓர் ஆள்தான். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தனி எண் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர், நடப்பவரே. எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் புத்தகம் ஒரே வரியில் கையைக் கழுவியிருந்தது: தெருவின் இயல்பான போக்கு தெரியும் இடத்தில்.

அக்காவுக்கு வெயில் ஆகாது. அரை மணி நேரம் வெயிலில் இருந்தால் ஒற்றைத் தலைவலி வந்து அன்றைய பொழுதையே தின்றுவிடும். இரண்டு கையும் பலகையில் இருக்கும்போது குடை பிடிக்க முடியாது. ஆகையால் எந்தத் தெருவுக்குப் போனாலும் அவள் கண் முதலில் நிழலைத் தேடும். மரமோ, கடையின் தாழ்வாரமோ, பஸ் நிறுத்தக் கூரையோ, ஏதாவது ஒன்று மாட்டாமலா போகும்? அங்கே நாற்காலியை விரிப்பாள். நிழலில் இருந்தால் கண் கூசாது, எண்ணிக்கை சுத்தமாக வரும் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள். அந்த நியாயத்தை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அவள் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை மறு பார்வை பார்க்காமல் கோப்பில் சேர்ப்பது அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டிருந்தது. அது அவளுக்குப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், உள்ளே ஏகப்பட்ட பெருமை.

ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது பள்ளி மதில் தெரு வந்தது.

புறநகரின் எல்லாத் தெருவையும் போல ஒரு தெரு. ரயில் நிலையத்தில் ஆரம்பித்து, வீடுகளைத் தாண்டி, தொழிற்கூடங்கள் பக்கம் போய் முடியும். நடுவில் ஓர் இடத்தில் பள்ளியின் நீண்ட மதில் ஒரு பக்கமும் திறந்த சாக்கடை மறு பக்கமுமாகத் தெரு ஒடுங்கிவிடும். இருநூறு மீட்டருக்கு அந்த ஒடுக்கம். மதில் முடிந்ததும் தெரு மறுபடி மூச்சு விடும். சாக்கடையை மூடி அதன் மேல் ஒரு பாதை போடலாம் என்று மேலிடம் சம்மதித்திருந்தது. எந்த மாதிரிப் பாதை என்பதை எண்ணிக்கை சொல்ல வேண்டும். காலில் போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் சேர்த்துப் பார்த்து, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிள் இருந்தால் கூட்டுப்பாதை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து போகிற மாதிரி மூன்று மீட்டர் அகலம். அதற்குக் குறைந்தால் வெறும் நடைபாதை, ஒன்றரை மீட்டர். மோட்டார் சைக்கிள்கள் மேலே ஏறாமலிருக்க இரண்டு முனையிலும் நெளிவுத் தடுப்பு வைப்பார்கள். இடுப்பு உயரக் கம்பிகள் எதிரும் புதிருமாக நிற்கும். ஆள் வளைந்து நெளிந்து உள்ளே போகலாம், சைக்கிளைக் கொண்டுபோக முடியாது.

மதிலோரம் ஒரு டிரான்ஸ்பார்மர் அறை இருந்தது. அதன் நிழல் காலை முழுக்க விழும். அக்கா அங்கே மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினாள். சராசரியாக ஒரு நாளைக்கு நடந்தவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. சைக்கிளில் போனவர்கள் இருபத்து மூன்று. வரைபடம் போடுகிற உதவிப் பொறியாளர், போன வருடம் வேலைக்கு வந்த பெண், தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப நடைபாதைதான் அக்கா, யோசிக்கவே வேண்டாம்" என்று ஒன்றரை மீட்டருக்குக் கோடு கிழித்தாள். வெள்ளிக்கிழமை தெருக்காரர்கள் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டிவிட்டால் வேலை தொடங்கிவிடும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா இதைச் சொன்னாள். அவள் கணவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாற்காலியை நகர்த்தினால்கூடப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்த்துவார். பேச்சில்தான் பிரேக் கிடையாது.

"இருபத்து மூணா? முன்னூத்து மூணா?" என்றார்.

"இருபத்து மூணு."

"யார்கிட்ட சொல்றே? அந்த ரூட்ல பதினோரு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். மதில் ஆரம்பிக்கிற இடத்தில ஒரு ஹார்ன் அடிப்பேன் பாரு, முன்னாடி போற சைக்கிள் அத்தனையும் மளமளன்னு இறங்கிடும். ராஜா வர்ற மாதிரி வழி கிடைக்கும் எனக்கு."

"இறங்கி?"

"இறங்கி என்ன, ஓரமாத் தள்ளிக்கிட்டே நடப்பாங்க. மதில் முடிஞ்சதும் மறுபடி ஏறிப்பாங்க. ஏறியே போனா பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவில எங்கே போறது?"

அக்கா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "நீங்க அடிச்ச ஹார்னுக்கா இறங்கினாங்க?"

"நான் மட்டுமா? எல்லா டிரைவரும்தான் அடிப்போம். இப்பல்லாம் அடிக்கவே வேண்டாம், தானா இறங்கிடுவாங்க. பழகிப்போச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நான் விதிப்படிதான் எண்ணினேன்."

"நான் என்ன இல்லேன்னா சொன்னேன்?"

"பஸ் ஓட்டறவர் பஸ்ஸைப் பத்திப் பேசணும். எண்ணறதைப் பத்தி எனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். தள்ளிக்கொண்டு போனவர்களை அவள் பார்க்காமலா இருந்தாள்? மூன்று நாளும் பார்த்தாள். தள்ளிக்கொண்டு நடப்பவர் நடப்பவரே என்று ஒவ்வொருவருக்கும் நடப்பவர் கிளிக்கரைத்தான் அமுக்கினாள். புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள், நமக்குத் தடுமாற்றம் கிடையாது என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்தும் கொண்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகுமுன் பள்ளி மதில் தெருவுக்குப் போனாள். பலகை இல்லை, நாற்காலி இல்லை. டிரான்ஸ்பார்மர் அறையைத் தாண்டி, ரயில் நிலையத்தை நோக்கி நூறு அடி நடந்து, மதில் ஆரம்பிக்கும் முனையில் நின்றாள். அங்கே பொட்டு நிழல் இல்லை.

சைக்கிள்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, சில சமயம் ஐந்தாறு சேர்ந்து. பள்ளிப் பிள்ளைகள், தொழிற்கூடத்துச் சீருடைக்காரர்கள், கூடை கட்டிய வயதான மனிதர் ஒருவர். எல்லோரும் மிதித்துக்கொண்டுதான் வந்தார்கள். மதிலின் முதல் தூண் வந்ததும், யாரோ சொல்லிவைத்தாற்போல, காலைத் தூக்கி இறங்கினார்கள். இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, அக்கா மூன்று நாள் பார்த்த அதே நடப்பவர்களாக மாறி நிழலைக் கடந்து போனார்கள்.

பேக்கரிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். அவளை அக்காவுக்கு நன்றாக அடையாளம் தெரியும். தினமும் ஏழே முக்காலுக்கு, இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நொண்டிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி டிரான்ஸ்பார்மரைக் கடந்து போவாள். பாவம், கால் சரியில்லாத நிலையில் இந்த வண்டியை வேறு ஏன் இழுத்துக்கொண்டு அலைகிறாள் என்று அக்கா நினைத்ததுண்டு. இன்றைக்கு அந்தப் பெண் முன்னால் போன இரண்டு பேரைச் சிரமமே இல்லாமல் முந்திக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, அத்தனை லாகவமாக வந்தாள். தூண் வந்தது. இறங்கினாள். கால் தரையில் பட்டதும் முகம் சுருங்கியது.

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா எண்ணிய யாரோடும் பேசியதில்லை. இன்று கையில் கிளிக்கர் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, "ஏம்மா, ஒரு நிமிஷம்" என்றாள்.

அந்தப் பெண் நின்றாள். "அட, நீங்களா! டிரான்ஸ்பார்மர் பக்கம் மடியில பலகையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களே. எங்க பேக்கரியில உங்களை வெச்சுப் பந்தயமே ஓடுது. ஏதோ விக்க வந்திருக்கீங்கன்னு நான் கட்டியிருக்கேன்."

"பந்தயத்தில தோத்துட்டே. நான் எண்ணறேன்." அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கால் இப்படி இருக்கே, சைக்கிளை வீட்டிலேயே விட்டுட்டு வரக்கூடாதா?"

"விட்டுட்டு எப்படிங்க வர்றது? எனக்கு நடக்கத்தானே முடியாது! பிறந்ததிலேர்ந்தே இடுப்பெலும்பு கோணல். சேர்ந்தாப்பில நூறு அடி நடந்தா உயிர் போயிடும். சீட்டில ஏறி உட்கார்ந்துட்டா உங்களுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை. சைக்கிள்தாங்க எனக்குக் காலு. இந்த மதில் ஒண்ணுதான் எமன்." கைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இங்கே பாதை போடப் போறாங்களாமே? அதில ஏறியே போயிடலாம் இல்லே?"

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. "பார்க்கலாம்மா" என்று ஏதோ உளறியிருப்பாள். நடக்க முடியாத ஒருத்தியை மூன்று நாள் நடப்பவர் என்று எழுதியாயிற்று. அவள் சைக்கிளோடு நுழையவே முடியாத தடுப்புக்கு வரைபடமும் தயாராகிவிட்டது. அதற்கு ஆதாரமான தாளின் அடியில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது.

அலுவலகத்தில் செயற்பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். பிரச்சினையைக் கண்டால் அதற்குப் போர்த்திவிடப் போர்வை தேடுவார், அவ்வளவுதான் குறை.

"விதிப்படி எண்ணியிருக்கீங்க. தள்ளிக்கிட்டு வர்றவங்க நடக்கிறவங்கதானே? அப்புறம் என்ன தப்பு?"

"எண்ணினது தப்பில்லை சார். உட்கார்ந்த இடம் தப்பு. எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம் இருக்கிற இடம் அது."

"சரி, அந்த இடத்தை ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா என்ன எழுதுவீங்க?"

"நிழல் இருந்துதுன்னுதான் எழுதணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, இன்னும் அஞ்சு மாசம். நீங்க எண்ணினதை ஒருத்தரும் இதுவரைக்கும் கேள்வி கேட்டதில்லை. இப்ப நிழலுக்காக உட்கார்ந்தேன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, மத்த தெருவில எல்லாம் எங்கே உட்கார்ந்தீங்கன்னு கேட்பாங்க. உங்க தலையில நீங்களே ஏன் மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க? போய் யோசிச்சுட்டு வாங்க."

அவள் யோசித்தாள். அவர் பயமுறுத்துவதற்காகச் சொன்னது அவளுக்குள் வேறு கதவைத் திறந்துவிட்டிருந்தது. மற்ற தெருவில் எல்லாம் எங்கே உட்கார்ந்தாள்? அவளுடைய எண்ணிக்கையை வைத்துப் பாதை போட்ட தெருக்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்த நிழல் அவளுக்கு நினைவிருந்தது. ஒன்றில் பஸ் நிறுத்தக் கூரை; பஸ்ஸுக்கு வந்தவர்கள் நடந்துதானே வந்திருப்பார்கள்? இன்னொன்றில் வேப்ப மரம், தெரு வளைகிற இடத்தில். நூலகத் தெருவில், ரயில் பாலத்துக்கு அடியிலிருந்து மேடு ஏறுகிற இடத்தில், மூடிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரம். மேட்டில் யார் மிதித்துக்கொண்டு வருவார்கள்? இறங்கித்தான் வந்திருப்பார்கள். இத்தனை வருடம் தெருக்களை எண்ணினோமா, நிழல்களை எண்ணினோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு நல்ல பெயர், ஒரே ஒரு நல்ல பெயர், அதைத்தான் சம்பாதித்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபத்தில் கூட்டம். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். உதவிப் பொறியாளர் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். எதிர்ப்பில்லை. கூட்டுப்பாதை வந்தால் தெருவின் ஒரு பக்கம் கார் நிறுத்த முடியாது. வெறும் நடைபாதை என்றால் கார்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர் எழுந்து, "அருமையான திட்டம், உடனே ஆரம்பிங்க" என்று கை தட்டினார். அவர் கடை மதில் முடிகிற இடத்தில் இருந்தது. வாசலில் எப்போதும் நாலு கார் நிற்கும்.

கை தட்டல் ஓய்ந்தபோது அக்கா எழுந்தாள். செயற்பொறியாளர் தரையைப் பார்த்தார்.

"எண்ணினது நான்தான்," என்றாள். "அந்த இருபத்து மூணு தப்பு. டிரான்ஸ்பார்மர் நிழல்ல உட்கார்ந்து எண்ணினேன். அதுக்கு முன்னாடியே எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கிடறாங்க. வெயிலுக்குப் பயந்து அங்கே உட்கார்ந்தேன். மறுபடி எண்ணணும்."

மண்டபத்தில் கூச்சல் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. "ஏம்மா, முதல்ல எண்ணினதே தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அடுத்து எண்ணப் போறதை நாங்க எப்படி நம்பறது? இன்னைக்கு நிழலு, நாளைக்கு வேற ஒண்ணு சொல்வீங்க."

நியாயமான கேள்வி. அவளுக்கு முகம் சுட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவள் எண்ணிக்கையைச் சந்தேகப்படுகிறார், அதற்குக் காரணத்தையும் அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"என்னை நம்ப வேண்டாம்," என்றாள். "நீங்களே வந்து எண்ணுங்க. அலுவலகத்தில இன்னொரு பலகை இருக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். எழுபது பேர் முன்னால் மாட்டிக்கொண்ட மனிதர் பின்வாங்க முடியாமல், "வர்றேன், வந்து உங்க வண்டவாளத்தைத் தண்டவாளத்தில ஏத்தறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கே வந்துவிட்டார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், படையெடுத்து வந்தவரைப் போல. மதிலின் முதல் தூணுக்கு முப்பது அடி முன்னால், வெட்டவெளியில், இரண்டு நாற்காலிகள். அக்கா ஆறு பக்கத்தையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் அரை மணி நேரம் அவர் வாய் ஓயவில்லை. ஏழரைக்குக் கும்பல் ஆரம்பித்ததும் வாய் மூடியது. எட்டுக்கு அவர் நெற்றியில் வியர்வை ஓடியது, துடைக்கக் கை இல்லை. எட்டேகாலுக்கு, "அம்மா, இதை எப்படி நீங்க வருஷக்கணக்கா..." என்று ஆரம்பித்து, ஒரு சைக்கிள் வரவே பாதியில் விட்டுவிட்டார்.

பேக்கரிப் பெண் அன்று கொஞ்சம் தாமதமாக வந்து, அவர்களைக் கடந்து போய்த் தூணருகே இறங்கினாள். மருந்துக்கடைக்காரர் பலகையை மறந்து அவளையே பார்த்தார்.

"இந்தப் பொண்ணு மாசாமாசம் நம்ம கடையிலதான் வலி மாத்திரை வாங்கும். கடைக்கு நொண்டிக்கிட்டேதான் வரும். இப்படி ஓட்டுவாள்னு எனக்குத் தெரியவே தெரியாதே."

"உங்க கடை மதிலுக்கு அந்தப் பக்கம்," என்றாள் அக்கா. "எண்ணுங்க சார், மூணு பேர் போயிட்டாங்க."

நாள் முடிவில் அக்காவின் பலகையில் நடப்பவர் எழுநூற்று ஐம்பத்தெட்டு, சைக்கிள் நானூற்றுப் பதினொன்று. அவர் பலகையில் சைக்கிள் நானூற்று ஒன்பது. இரண்டு தும்மல் வந்தது, அதில் போயிருக்கும் என்றார். வாசலில் இனிமேல் கார் நிற்காதே என்ற வருத்தம் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. இருந்தும் அவர் தாளில் கையெழுத்துப் போட்டார். "நான் எண்ணினதை நானே எப்படி இல்லேன்னு சொல்றது?" என்று முணுமுணுத்தார்.

கூட்டுப்பாதை முடிவாயிற்று. ஒன்றரை மீட்டர் கோட்டை அழித்து மூன்று மீட்டருக்குப் போட்டார்கள். நெளிவுத் தடுப்பு வரைபடத்திலிருந்து போனது. அக்காவுக்கு இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் எழுந்து அலுவலகம் போனால், செயற்பொறியாளர் சொன்னபடியே ஆகியிருந்தது. அவளுடைய ஏழு தெருக் கோப்புகளின் மேலும் சிவப்பு மையில் முத்திரை விழுந்திருந்தது: மறு எண்ணிக்கைக்கு உட்பட்டது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அந்த மரியாதைதான் அவளை அதிகமாக வதைத்தது. கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "மீதி இருக்கிற மாசத்தில அந்த ஏழையும் நானே எண்ணிடறேன் சார்" என்றாள்.

ஒவ்வொன்றாக எண்ணினாள். கணவர் ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார். கூடவே வந்து எங்கே உட்காரலாம் என்று யோசனை சொன்னார், அதைக் கேட்டால் தலைவலி இன்னும் கூடியது. ஐந்து தெருக்களில் பழைய எண்ணிக்கை கொஞ்சமோ நிறையவோ பிசகியிருந்தது. வேப்ப மரத் தெருவில் சரியாக வந்தது, அது தற்செயல் என்று அவளுக்குத் தெரியும். ஏழாவதாக, கடைசியாக, நூலகத் தெரு. அங்கே ஒன்பது வருடம் முன்னால் அவள் எண்ணிக்கைப்படி வெறும் நடைபாதை போட்டு, இரண்டு முனையிலும் நெளிவுத் தடுப்பு வைத்தாயிற்று. தடுப்பு துருப்பிடித்து, ஆனால் உறுதியாக நின்றது.

இந்த முறை மேட்டிலிருந்து வெகு தூரம் தள்ளி, சமதரையில், நல்ல வெயிலில் உட்கார்ந்தாள். ஒரு நாள் முழுக்க எண்ணினாள். நடப்பவர் தொள்ளாயிரத்துச் சொச்சம். சைக்கிள் ஆறு. பழைய தாளில் ஒன்பது என்றிருந்தது.

உதவிப் பொறியாளரிடம் போனில் சொன்னதும் அந்தப் பெண் குதித்தாள். "பாருங்க அக்கா! இது சரியாத்தான் இருக்கு. நீங்கதான் வீணாக் கவலைப்பட்டீங்க. இந்தத் தெருவில சைக்கிளே கிடையாது. முத்திரையை எடுத்துடலாம்."

அக்காவுக்கும் ஒரு கணம் மனசு லேசானது. ஒரு தெருவாவது தப்பித்ததே என்று நாற்காலியை மடக்கினாள். திரும்பும் வழியில், பாலத்தருகே, அன்றைக்கு அவள் உட்கார்ந்த தாழ்வாரம் இருந்தது. மூடிக் கிடந்த கடை இப்போது திறந்திருந்தது, உள்ளே போன் உறைகள் தொங்கின. கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். குடித்துக்கொண்டே பார்த்தாள். கூரையின் உத்தரத்தில் வரிசையாகப் பெரிய இரும்புக் கொக்கிகள் இருந்தன. போன் உறைக்கு அவ்வளவு பெரிய கொக்கி எதற்கு?

"அது எதுக்குங்க?"

"சைக்கிள் மாட்டறதுக்கு," என்றார் கடைக்காரர். "எதிர்ல சின்னதா சைக்கிள் ரிப்பேர்க் கடை வெச்சிருந்தேன். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது வண்டி வரும். இடம் பத்தலைன்னு இதைப் பெரிசா எடுத்து, கொக்கியெல்லாம் அடிச்சேன். அப்பதான் நடைபாதைக்கு அந்தக் கம்பிக் கேட்டை வெச்சாங்க, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுக்கூட மேடு ஏற முடியலை. ஆறு மாசம் தாக்குப் பிடிச்சேன். வண்டிங்க வர்றது நின்னு போச்சு. சில பேர் மோட்டார் சைக்கிள் வாங்கிட்டாங்க, சில பேர் வேலையையே விட்டுட்டாங்க, மத்தவங்க எங்கே போனாங்கன்னு எனக்குத் தெரியாது. ஏன் கேக்கறீங்க?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். மடக்கிய நாற்காலியை அந்தக் கடைக்குள்ளேயே விரித்து உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து அன்றைய தாளை எடுத்தாள். அடியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, அவள் அதில் எப்போதும் வானிலையைத்தான் எழுதுவாள். இன்று எழுதினாள்: "இந்த எண்ணிக்கை சரி. ஒன்பது வருடம் முன்னால் நான் தப்பாக எண்ணியதால் சரியானது."